டாரன்டுலா ஆணா பெண்ணா: உரித்த சட்டையில் எங்கே, எதைப் பார்ப்பது?

செம்முட்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 'மெக்சிகன் ரெட் நீ' என்ற டாரன்டுலா சிலந்தி, அறிவியல் பெயர் பிரக்கிபெல்மா ஹமோரி. கால் விரிப்பு 6 செ.மீ. நேற்று இரவு சட்டை உரித்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று பார்க்க இதுதான் சமயம் என்று தெரியும். ஆனால் கால்களும் முதுகு ஓடும் முழுசாக இருக்க, வயிற்றுத் தோல் மட்டும் நனைந்த டிஷ்யூ காகிதத்தைக் கசக்கிப் போட்டது மாதிரி சுருண்டு கிடக்கிறது.

சிலந்தி இன்னும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இப்போதே எடுக்கலாமா? கிழியாமல் விரிப்பது எப்படி? விரித்த பிறகு எந்த இடத்தைப் பார்க்க வேண்டும்? இணையத்தில் இருக்கும் படங்களில் அம்புக்குறி போட்ட இடத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பழுப்பு நிறத் தோல்தான் தெரிகிறது. சட்டை வீணாகிவிட்டால், அடிவயிற்றைப் படம் எடுத்துச் சொல்லிவிட முடியுமா?

எட்டுக்கால்:

சிலந்தி தானாக நகரும்வரை பொறுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் நகர்ந்துவிடும். உரித்த கையோடு அதன் உடம்பு முழுக்க மெத்தென்று இருக்கும். பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவந்து, அதன் பிறகுதான் கறுக்கும். இந்த நேரத்தில் இடுக்கி நுனி பட்டாலே காயம். நகர்ந்ததும் 20 செ.மீ.க்குக் குறையாத நீள இடுக்கியால் சட்டையின் காலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வயிற்றுத் தோலைப் பிடிக்கவே கூடாது. அதற்காக நாலைந்து நாள் விட்டுவிடவும் வேண்டாம். ஈர மண்ணில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், சில சிலந்திகள் சட்டையை மென்று உருண்டையாக்கிவிடும்.

கையுறை போடுங்கள், கண்ணாடி இருந்தால் அதையும். அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல்புறம் அரிப்பு முடி உண்டு; உங்களுடையதற்கும் உண்டு. உரித்த சட்டையிலும் அது அப்படியே இருக்கும். விரலில் பட்டால் அரிப்போடு போய்விடும். அதே விரலால் கண்ணைக் கசக்கினால் முடி கருவிழியின் மேல்தோலில் குத்தி நின்றுவிடும். மருத்துவரிடம்தான் போக வேண்டும். வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தட்டினால் முடி காற்றில் பறக்கும்.

இனி ஊற வைப்பது. தட்டையான வெள்ளைத் தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் முடிகள் தண்ணீரை ஒட்டவிடாது, சட்டை மிதந்துகொண்டே இருக்கும். புதிய சட்டைக்கு அரை மணி நேரம் போதும். வாரக்கணக்கில் காய்ந்தது என்றால் இரவு முழுக்க ஊறட்டும். ஊறாததை விரிக்கப் போய்த்தான் பெரும்பாலான சட்டைகள் கிழிகின்றன.

ஊறிய பிறகு, சிலந்தி நிற்பது போலக் கால்கள் கீழே இருக்கும்படி வையுங்கள். முதுகு ஓடு மூடி மாதிரித் திறந்திருக்கும். அதை வெட்டி எடுத்துவிடலாம். இப்போது மேலிருந்து பார்த்தால் உடம்பின் அடிப்பக்கத் தோலின் உள்புறம் தெரியும். நமக்கு வேண்டியது இந்த உள்புறம்தான். வெளிப்புறத்தைத் திருப்பிப் போட்டுத் தேடுவதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை.

வயிற்றுத் தோலை வால் பக்கத்திலிருந்து பிரிக்க வேண்டாம். கால்களுக்கு நடுவே இருக்கும் நெஞ்சுத் தகட்டில் ஆரம்பித்துப் பின்னால் வாருங்கள். அங்கே தோல் உறுதியாக இருக்கும், வழியும் தவறாது. இரண்டு மெல்லிய பிரஷ்கள் போதும், சுழியம் எண் பிரஷ் என்றால் நல்லது. ஒன்றால் தோலை அமுக்கிக்கொண்டு மற்றதால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். தண்ணீருக்குள்ளேயே செய்தால் தோல் தானாக விரிந்து கொடுக்கும். வெளியே எடுத்தால் மடிப்பு மடிப்பாக ஒட்டிக்கொள்ளும்.

விரித்ததும் முதலில் நான்கு வெள்ளைத் திட்டுகளைத் தேடுங்கள். அவை புத்தக நுரையீரல்களின் உறை. ஏடுகளை அடுக்கியது போல வரி வரியாக இருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. முன்னிரண்டின் கீழ் ஓரங்களை இணைத்துக் குறுக்கே ஒரு மடிப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டின் நட்டநடுவில், தலைப் பக்கம் பார்த்தபடி எழுந்து நிற்கும் சின்ன மடல் இருந்தால் பெண். ஆணின் விந்தைப் பெண் சேர்த்துவைக்கும் பை அது. ஸ்பெர்மதீக்கா என்பார்கள்; விந்துப்பை என்றே வைத்துக்கொள்வோம்.

உடம்புக்குள் இருக்கும் உறுப்பு சட்டையில் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. விந்துப்பை, வெளித்தோல் உள்ளே மடிந்து உண்டான பை. சிலந்தி உரிக்கும்போது வெளித்தோலின் தொடர்ச்சியாக உள்ளே போயிருக்கும் உறைகளும் சேர்ந்தே கழன்று வருகின்றன. நுரையீரலின் உறை, உறிஞ்சு வயிற்றின் உறை எல்லாம் அப்படித்தான். இணை சேர்ந்த பெண் முட்டையிடுவதற்கு முன் சட்டை உரித்துவிட்டால், சேர்த்துவைத்த விந்தும் அந்த உறையோடு போய்விடும். மறுபடி இணை சேர்த்தால்தான் முட்டை கருக்கொள்ளும். சட்டையை இவ்வளவு நம்புவதற்குக் காரணம் இதுதான். நிறம், பருமன், கால் நீளம் எல்லாம் ஊகம். சட்டையில் இருப்பது அந்த உறுப்பின் உறையே.

ஹமோரியில் விந்துப்பை இரண்டாகப் பிரியாமல் அகலமான ஒரே தகடாக இருக்கும். அடி அகலம், மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். சிறு வயதில் கண்ணாடி மாதிரி நிறமற்று இருக்கும், வளர வளரத் தேன் நிறமாகி அடர் பழுப்பாகும். எல்லா இனத்துக்கும் இந்த வடிவத்தையே எதிர்பார்க்காதீர்கள். கிராமோஸ்டோலா என்ற டாரன்டுலா பேரினத்தில் இரண்டு தனித்தனி மடல்கள் இருக்கும். இனத்தின் பெயர் தெரியாமல் விந்துப்பைப் படத்தை ஒப்பிடுவதில் பயனில்லை.

6 செ.மீ. சிலந்திக்குப் 10 மடங்கு லென்ஸ் போதும். வெளிச்சத்தை இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தட்டுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியில் வைத்துக் கீழேயிருந்து டார்ச் அடித்தால் தடித்த பகுதி இருட்டாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் மடலின் நிழல் தோலில் விழும். அந்த நிழலைப் பார்த்துவிட்டால் பிறகு அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

அடிமண்:

எட்டுக்கால் சொன்னதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மடல் தெரிந்தால் பெண் என்று சொல்லலாம். தெரியவில்லை என்றால் உடனே ஆண் என்று சொல்லிவிடக் கூடாது. கால் விரிப்பு 3 செ.மீ.க்குக் கீழே இருக்கும் குட்டிகளில் விந்துப்பை கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. அதற்கு 30, 40 மடங்கு பெருக்கும் யுஎஸ்பி நுண்ணோக்கி வேண்டும், அதிலும் தவறு வரும். அந்த அளவுக் குட்டியை "தெரியவில்லை" என்றே எழுதிவைத்து அடுத்த சட்டைக்குக் காத்திருப்பதுதான் நேர்மை. ஆண் என்று விற்கப்படும் குட்டிகளில் பல, பார்க்கத் தெரியாததால் ஆணாகிப் போனவை.

ஆணின் சட்டையிலும் அதே இடம் வெறுமையாக இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில இனங்களின் ஆணில் அங்கே சின்னச் சின்னத் துணைச்சுரப்பி உறைகள் இருக்கும். இரண்டு குட்டைக் காம்பு போலவோ ஒரு சிறு நாக்கு போலவோ தெரியும். முதன்முறை பார்ப்பவர் இதைத்தான் விந்துப்பை என்று எண்ணி ஏமாறுவார். வித்தியாசம் அகலத்தில். பெண்ணின் மடல் அகலமான அடியோடு கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆணுடையது ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியது போல ஒடுங்கியிருக்கும்.

அடிவயிற்றுப் படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறும்போது வெளியிலிருந்து நேராக எடுத்தால் ஓரளவு சொல்லலாம். கையில் பிடித்தோ கவிழ்த்தோ எடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது அதே குறுக்குக் கோடு, இந்த முறை வெளிப்புறத்தில். பெண்ணுக்குக் கோட்டின் மேல் உதடு கொஞ்சம் புடைத்து, வளைவாக, அகலமாக இருக்கும். ஆணுக்கு அந்த இடம் தட்டை. கோட்டுக்குச் சற்று மேலே அடர்ந்த முடி அரைவட்டப் பொட்டு மாதிரி வேறு நிறத்தில் தெரியலாம். அங்கே நூல் சுரக்கும் நுண்காம்புகள் இருக்கின்றன. ஆண் விந்தை இறக்கிவைக்க ஒரு சிறு வலை பின்னும், அந்த வேலைக்கானவை இவை.

ஆனால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலே தட்டை புடைப்பாகிவிடும். வயிறு நிறையத் தின்ற ஆணின் அடிவயிறு பெண்ணுடையது போலவே இருக்கும். 5 செ.மீ.க்குக் கீழே இந்த முறையை நம்பவே வேண்டாம். சட்டை கையில் இருக்கும்போது இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

மரப்பொந்து:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது பொயிசிலோதீரியா மெட்டாலிகா என்ற டாரன்டுலா, கால் விரிப்பு 11 செ.மீ. போன மாதம் உரித்தது, சட்டை துண்டு துண்டாகிவிட்டது. முன்கால்களில் கொக்கி இல்லை. வளர்ந்த ஆணுக்கு முன்காலில் கொக்கி வரும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. அப்படியானால் இதைப் பெண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எட்டுக்கால்:

மரப்பொந்து, கூடாது. பொயிசிலோதீரியா ஆண்களுக்குக் கொக்கி வருவதே இல்லை. தெரபோசா பிளாண்டி என்ற டாரன்டுலாவின் ஆணுக்கும் வராது. கொக்கி இருந்தால் வளர்ந்த ஆண் என்பது சரி. இல்லாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொக்கி வரும் இனங்களிலும் அது கடைசி உரிப்பில்தான் வரும், அதற்கு முந்தைய உரிப்புவரை அடையாளமே இருக்காது. இணை சேரும்போது பெண்ணின் பற்களைத் தாங்கிப் பிடிக்க உதவும் உறுப்பு அது, அதற்கு முன்னால் அதற்கு வேலை கிடையாது.

எல்லா இனத்து வளர்ந்த ஆணுக்கும் பொதுவான அடையாளம் பெடிபால்ப். வாய்க்கு இரு பக்கமும் குட்டைக் கால் போல இருக்கும் இரண்டின் நுனியைப் பாருங்கள். பெண்ணுக்கும் வளராத ஆணுக்கும் அது கால் நுனி மாதிரியே ஒல்லியாக முடியும். வளர்ந்த ஆணுக்குக் குத்துச்சண்டைக் கையுறை மாட்டியது போல உருண்டு, அடியில் மடங்கிய ஒரு குமிழும் ஊசி மாதிரி வளைந்த முனையும் இருக்கும். அந்தக் குமிழில்தான் விந்தை நிரப்பிக்கொள்கிறது. அதோடு கால்கள் மெலிந்து நீண்டு, வயிறு சிறுத்து, இரவெல்லாம் அலையும், தீனியைத் தொடாது. நோய் என்று பதற வேண்டாம், பெண்ணைத் தேடுகிறது.

துண்டான சட்டையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. முன் நுரையீரல் இரண்டும் சேர்ந்திருக்கும் ஒரு துண்டு, நகத்தளவு இருந்தாலே போதும். இந்த இனத்துக்கும் பிரியாத ஒரே தகடுதான்.

எச்சரிக்கை ஒன்று. இவற்றுக்கு அரிப்பு முடி கிடையாது, ஆனால் கடி கடுமையானது. நாட்கணக்கில் தசைப்பிடிப்பு வரும், வேகமும் அதிகம். பால்ப் பார்க்கவோ அடிவயிறு பார்க்கவோ பெட்டியைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்தே பாருங்கள்.

அடிமண்:

மெட்டாலிகா வைத்திருப்பவர்கள் ஆணா பெண்ணா என்பதைச் சரியாக எழுதிவைப்பது மிக அவசியம். 1899-இல் ஆந்திராவின் கூட்டி (Gooty) என்ற ஊரின் ரயில் நிலையப் பகுதியில் கிடைத்ததை வைத்து விவரிக்கப்பட்ட இனம் இது. காட்டில் நந்தியால், கித்தலூர் இடைப்பட்ட சிறு வனப்பகுதியில்தான் இருக்கிறது. மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பொயிசிலோதீரியா பேரினம் முழுவதும் 2019-இல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்துவிட்டது. வளர்ப்பில் இருப்பவை முறையாக இணை சேர்ந்து பெருகினால் காட்டிலிருந்து பிடிப்பதற்கான தேவை குறையும். ஆண் என்று தவறாகக் குறித்த ஒரு பெண், எத்தனையோ ஆண்டு இணை சேராமலேயே கிடந்துவிடும். ஹமோரியும் அப்படித்தான், பிரக்கிபெல்மா பேரினமே சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது.

செம்முட்டி:

மரப்பொந்து கேட்டதும் நல்லதாயிற்று, எனக்கும் கொக்கி பற்றிச் சந்தேகம் இருந்தது.

சட்டையை 40 நிமிடம் ஊற வைத்து விரித்தாயிற்று. நான்கு வெள்ளைத் திட்டும் தெரிகின்றன. முன்னிரண்டுக்கும் நடுவே மடிப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குப் பக்கத்தில் தோல் கொஞ்சம் கிழிந்திருப்பதால், தெரிவது மடலா கிழிசலின் ஓரமா என்று சொல்ல முடியவில்லை. கீழேயிருந்து டார்ச் அடித்தால் அந்த இடம் மற்ற தோலைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கிறது.

எட்டுக்கால்:

அடர்த்தியாகத் தெரிவது நல்ல அறிகுறி, ஆனால் இரண்டாக மடிந்த வெறும் தோலும் அப்படித் தெரியும். பிரஷ்ஷால் சோதித்துவிடுங்கள்.

தோலின் இரு ஓரத்தையும் பிரஷ்ஷால் மெதுவாக எதிரெதிர்த் திசையில் இழுங்கள். சுருக்கத்தால் வந்த மடிப்பு என்றால் தட்டையாகிக் காணாமல் போகும். விந்துப்பை இழுத்தாலும் நிற்கும். அடுத்து, பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு முடியை மட்டும் ஈரத்தோடு பிரித்து, தலைப் பக்கத்திலிருந்து மடலின் ஓரத்துக்கு அடியில் நுழையுங்கள். மடல் என்றால் கதவு மாதிரித் தூக்கிக்கொண்டு, விட்டதும் படியும். அடிப்பக்கம் மட்டும் குறுக்குக் கோட்டோடு ஒட்டியிருக்கும். கிழிசல் என்றால் முடி அப்படியே தோலைத் தாண்டி மறுபுறம் போய்விடும்.

மடலுக்கு அடியில் அதைவிட அகலமாக, மிக மெல்லியதாக இன்னொரு மடிப்பு தெரிந்தால் குழம்ப வேண்டாம். அது முட்டை வெளிவரும் வழியின் உறை. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் இன்னும் உறுதி.

பின்னிரண்டு நுரையீரலுக்கு நடுவே பார்க்கவில்லையே? சட்டை தலைகீழாகத் திரும்பியிருந்தால் இது நடக்கும். வயிற்றின் நுனியில் பெரிய நூல் காம்புகள் இருக்கும் பக்கம் பின்பக்கம் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செம்முட்டி:

நூல் காம்பை வைத்துச் சரிபார்த்தாயிற்று, முன்னிரண்டுக்கு நடுவேதான். இழுத்தால் மறையவில்லை. பிரஷ் முடி அடியில் நுழைகிறது, மறுபுறம் போகவில்லை. தூக்கிவிட்டால் திரும்பப் படிகிறது. மேல் ஓரம் ஏறக்குறைய நேராக, அடி அகலமாக, வெளிர் தேன் நிறம். அகலம் சுமார் ஒரு மி.மீ. கிழிசல் அதற்கு வலப்புறம் தனியாக இருக்கிறது.

அடிமண்:

பெண். இந்த விவரத்துக்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. வாழ்த்துகள், 20 ஆண்டுக்கு மேல் கூட இருக்கப் போகிறது. ஆணாக இருந்திருந்தால் கடைசி உரிப்புக்குப் பிறகு பெரும்பாலும் ஓராண்டு, அதற்குச் சற்று முன்பின்தான்.

இப்போதைக்குத் தண்ணீர்த் தட்டு மட்டும் நிரம்பியிருக்கட்டும். பற்கள் முழுக்கக் கறுக்கும்வரை தீனி வேண்டாம்; இந்த அளவுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்கு முன் போட்ட பாச்சையோ பூச்சியோ மெத்தென்ற சிலந்தியைக் கடித்துவிடும்.

எட்டுக்கால்:

அந்தத் துண்டைத் தண்ணீரிலிருந்து தூக்குவதற்கு முன், அடியில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாளை நுழைத்து அதன் மேலேயே வைத்துத் தூக்குங்கள். தனியாக இடுக்கியால் எடுத்தால் மறுபடி சுருண்டுவிடும். நிழலில் காயட்டும். காய்ந்ததும் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து ஒரு படம், மடலை மட்டும் நெருக்கமாக ஒரு படம். தாளின் ஓரத்தில் இனம், உரித்த தேதி, கால் விரிப்பு மூன்றையும் எழுதி மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அடுத்த உரிப்பின் மடல் இதைவிடப் பெரிதாகவும் அடர்ந்தும் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மரப்பொந்து, உங்கள் துண்டுகளில் வரி வரியான வெள்ளைத் திட்டு உள்ளது எது என்று முதலில் பிரித்து வையுங்கள். இரவு முழுக்க ஊற வைத்துவிட்டுப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.